தூசு அலர்ஜிக்கு எந்த வேக்குவம் கிளீனர் வாங்குவது?

கேள்வி: சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். என் மகனுக்கு 9 வயது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் தண்ணீர். மழைக்காலம் வந்தால் ராத்திரி இருமலும் வீசிங்கும் சேர்ந்துகொள்கிறது. டாக்டர் தினமும் இரண்டு வேளை இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேக்குவம் கிளீனர் வாங்கினால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கடையில் 2000 வாட், தண்ணீர் ஃபில்டர் வைத்த மாடல் ஒன்றைக் காட்டி, அலர்ஜிக்கு இதுதான் பெஸ்ட் என்றார்கள். விலை 18,000 ரூபாய். வாங்கலாமா? வாங்கிவிட்டால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, வேலூர்

மருத்துவர் பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். தினமும் எடுக்கும் அந்த மருந்து மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அடக்கி வைக்கிறது. எந்த மெஷினாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது. பிள்ளை நன்றாக இருக்கிறானே என்று நாமாகவே நிறுத்தினால், அடுத்த மழைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். டோஸைக் குறைப்பதா, எப்போது குறைப்பது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, மெஷினுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் வீட்டுத் தூசில் வாழும் தூசுப்பூச்சிதான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதன் நீளம் சுமார் 0.3 மி.மீ., வெறும் கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நம்மூர் சித்திரை வெயிலில் குறைந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகும். அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் எச்சம். அந்தத் துகள்கள் சற்று கனமானவை, கிளறிவிட்டாலும் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி கீழே படிந்துவிடும். ஆகவே தரையைவிட, உங்கள் மகன் எட்டு மணி நேரம் முகம் புதைத்துத் தூங்கும் தலையணையும் மெத்தையும்தான் முக்கியம்.

அதற்கு முன்னால் தூசுப்பூச்சிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் சின்னதாகக் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் இருக்கிறது, வேலூரிலேயே செய்யலாம். ஒருவேளை காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமோ, ஏரிக்கரைச் சீமைக்கருவேல மகரந்தமோ காரணமாக இருந்தால், 18,000 ரூபாய் மெஷின் உங்களுக்குப் பெரிய பலன் தராது.

தூசுப்பூச்சிதான் என்று தெரிந்தாலும், மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டியது மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை. நெருக்கமாக நெய்த துணியில், ஆறு பக்கமும் மூடும்படி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வேலூர் வெயிலில் பிள்ளை வேர்த்து நனைந்துவிடுவான். உயிரோடு இருக்கும் தூசுப்பூச்சி பஞ்சையும் நூலையும் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். எவ்வளவு இழுத்தாலும் பெரும்பாலானவை மெஷினுக்குள் வராது. மேலே கிடக்கும் எச்சத்தையும் செதிலையும்தான் மெஷின் எடுக்கும். உறை போட்டுவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே அடைபட்டுவிடும். பெட்ஷீட், தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். அதாவது கை வைக்க முடியாத சூடு. இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் வெயில் காலத்தில் மாடியில் நாள் முழுக்கக் காய வைத்து, அங்கேயே தட்டி எடுத்து வாருங்கள். தட்டும்போது மகன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு மெஷின் வாங்கினால் பலன் உண்டு. காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசு எழுந்து மூக்கு உயரத்துக்கு வந்துவிடும். அதைத் தவிர்க்கவாவது மெஷின் உதவும்.

2000 வாட் என்பது அது குடிக்கும் கரண்ட், இழுக்கும் சக்தி அல்ல. 1200 வாட்டிலேயே நன்றாக இழுக்கும் மாடல்கள் இருக்கின்றன. இன்னொன்று, 2000 வாட் மெஷினை ஹாலில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போடக் கூடாது, ஏசிக்கு வைப்பது போன்ற பெரிய பிளக் வேண்டும். உங்கள் படுக்கையறையில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அலர்ஜி வீட்டுக்கு நான் பார்க்கச் சொல்வது ஃபில்டரைத்தான். ஒரு பக்கம் இழுக்கும் காற்றை மெஷின் இன்னொரு பக்கம் வெளியே தள்ளியாக வேண்டும். ஃபில்டர் சரியில்லை என்றால் தரையில் கிடந்த நுண்ணிய தூசை அறை முழுக்கத் தூவும். மிக நுண்ணிய துகளையும் பிடித்து நிறுத்தும் ஹெப்பா (HEPA) ஃபில்டர், அதிலும் எச்13 (H13) தரம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள். ஃபில்டர் நன்றாக இருந்து மூடி இடுக்கில் காற்று கசிந்தாலும் பயனில்லை. கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள்: ஒரு சிட்டிகை முகப்பவுடரைத் தரையில் தூவி இழுக்கச் சொல்லுங்கள். காற்று வெளியேறும் வாயில் ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள், மூடி சேரும் இடுக்கிலும் வைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளை படிந்தால் அந்த மாடல் வேண்டாம். படியவில்லை என்றால் அதுவே முழு நிரூபணம் ஆகாது, ஆனால் மோசமானவற்றை இப்படிக் கழித்துவிடலாம்.

அடுத்தது, சேர்ந்த தூசை எப்படிக் கொட்டுவது என்பது. ஒரு மாதத் தூசையும் டப்பாவைத் திறந்து உதறினால் அந்த ஒரு நிமிடத்திலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். அப்படியே எடுத்துக் குப்பையில் போடும் பை வைத்த மாடல் அலர்ஜி வீட்டுக்கு நல்லது. அந்தப் பை இங்கே தொடர்ந்து கிடைக்குமா, ஹெப்பா ஃபில்டர் மாற்ற என்ன விலை என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். உதறித் திரும்பப் போடும் துணிப்பை வேண்டாம்.

உங்களுக்குக் காட்டிய தண்ணீர் ஃபில்டர் மாடலில் கண்ணுக்குத் தெரியும் தூசு தண்ணீரில் தங்கிவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். நுண்ணிய துகள் குமிழியோடு தப்பி வெளியே வரும். கூடவே ஹெப்பாவும் இருந்தால் யோசிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிக் கழுவிக் காய வைக்க வேண்டும், ஒரு நாள் விட்டாலே நாற்றமும் பூஞ்சையும் வரும். வீட்டில் அத்தனை வேலைக்கும் நடுவில் இது முடியுமா என்று யோசியுங்கள். ரோபோ மாடல் தரையோடு சரி, மெத்தை ஏறாது. மெத்தைக்கும் சோபாவுக்கும் தனி பிரஷ் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மெஷினை மகன் பள்ளிக்குப் போன பிறகே ஓட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, மெத்தையில் அவசரப்படாமல் மெதுவாக இழுங்கள். முடிந்ததும் ஈர மாப் போடுங்கள். அவன் அறைக்குள் வர அரை மணி நேரமாவது ஆகட்டும். சர்வீஸ் ரோட்டில் லாரி நெரிசல் இருக்கும் நேரத்தில் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள். ஃபேன் இறக்கையை ஈரத் துணியால் துடையுங்கள். கட்டிலில் பொம்மை வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, ராத்திரி கொசுவர்த்திச் சுருள் உண்டா? புகை வீசிங்கைக் கிளப்பும், எந்த வேக்குவமும் அதை இழுக்காது. சாமிக்கு விளக்கேற்றுங்கள், போதும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் வீட்டுக்கு வெளியே போகச் சொல்லத் தயங்காதீர்கள், பெரியவராக இருந்தாலும் சரி.

பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், உடனடி நிவாரணத்துக்குக் கொடுத்த இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்றிலிருந்து காலண்டரில் அவன் இருமிய இரவுகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து அதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் டோஸைக் குறைக்கலாமா என்பதை அவர் அதையும் பார்த்து முடிவு செய்வார்.