ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு டார்ச் லைட்டும்

(கட்டட வேலையில் 31 வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவர், வாசகர்களின் வீட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வணக்கங்ணா. அபார்ட்மெண்டில் புது வீடு வாங்கியிருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை சாவி தருகிறார்களாம். ‘எல்லாம் திருப்தி’ என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் கட்டட வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்க்கணுங்ணா?
– ஒரு வாசகி, சரவணம்பட்டி

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் அம்மணி. அதற்குள் இரண்டு தடவை போய் வந்துவிடுங்கள். ஒரு தடவை நல்ல வெயிலில், ஒரு தடவை இருட்டின பிறகு. ஒரு பக்கெட், டார்ச் லைட், ஐந்து ரூபாய்க் காசு, போன் சார்ஜர், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதலில் பாத்ரூமுக்குப் போங்கள். ஹாலின் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கதவோரத்தில் அரை பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். அது தானாகவே ஜாலியை, அதாவது தண்ணீர் இறங்குகிற ஓட்டையின் சல்லடை மூடியைத் தேடிப் போக வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தாலே போய்விடும். பத்து நிமிடம் கழித்தும் மூலையிலோ கதவடியிலோ தேங்கி நின்றால், அந்த டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டித்தான் ஆக வேண்டும். “வைப்பர்ல தள்ளிக்கலாங்க” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோபியில் என் அக்கா வீடு முடிந்தபோது, பால் காய்ச்சும் அவசரத்தில் நான் இந்த ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். குளித்து முடித்தால் கதவடியில் அரைச் சொம்புத் தண்ணீர் நிற்கும். இரண்டே வருடத்தில் நிலவுக்காலின் அடி ஊறி, விரலை வைத்து அழுத்தினால் ஈரத் தவிடு மாதிரி உள்ளே போனது. முட்டிவலிக்காரி அக்கா தினமும் குனிந்து துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, அடுத்தது ஒழுகல். ஜாலியைத் துணியால் அடைத்து ஒரு அங்குலத்துக்குத் தண்ணீரைக் கட்டிவிட்டு வாருங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுப் பாத்ரூம் சீலிங்கைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டின பிறகு போகும்போது லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பகலில் வழவழவென்று தெரிந்த சுவரில் கரண்டித் தடமும், பட்டி தேய்த்த கோடும், ஸ்விட்ச் பாக்ஸைச் சுற்றி ஒட்டுப்போட்ட இடமும் நிழல் கட்டித் தெரியும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி இப்படிப் பார்த்து முடிக்காமல் பெயிண்டருக்கு அறையைக் கொடுக்கவே மாட்டார். ஆனால் ஒன்று: கையால் பூசிய எந்தச் சுவரும் அந்த வெளிச்சத்தில் முழு மட்டமாகத் தெரியாது. இரண்டு மீட்டர் மட்டப்பலகை வைத்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து விழக் கூடாது என்பது நான் சைட்டில் வைத்திருந்த கணக்கு. பகலில் ஆறடி தள்ளி நின்றாலும் கண்ணை உறுத்துவதை மட்டும் எழுதுங்கள். டார்ச்சுக்கு மட்டும் தெரிகிற அலைக்காகச் சண்டை பிடித்தால், பாத்ரூம் சரிவைப் பற்றி நீங்கள் பேசும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

காசால் டைல்ஸின் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். அடியில் கலவை நிறைந்திருந்தால் ‘டிக்’கென்று கெட்டியாகக் கேட்கும். வெற்றிடம் இருந்தால் ‘டொக்’கென்று பொக்காகக் கேட்கும். மூலை பொக்காக இருக்கிற டைல்ஸ் மேல் கட்டில் கால் ஏறினால் ஒருநாள் விரிந்துவிடும். சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் சொருகிப் பாருங்கள். மெயின் பாக்ஸில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச்) இருக்கும்; அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே கரண்ட் விழ வேண்டும்.

தாளைப் பொறுத்தவரை, குறைகளை அறைவாரியாக எழுதி, நகலில் அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் நீங்கள் போடுங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக்குறையோ தெரியவந்து நீங்கள் சொன்னால், 30 நாளில் செலவு கேட்காமல் சரிசெய்ய வேண்டியது விற்றவர் பொறுப்பு. ஒழுகலுக்கும் விரிசலுக்கும் இது கைகொடுக்கும். கிரானைட்டில் கீறல், கதவில் சிராய்ப்பு, உடைந்த டைல்ஸ் முனை இதற்கெல்லாம் கைகொடுக்காது. சாமான் ஏறிய பிறகு அது யார் போட்ட கீறல் என்று உங்களால் காட்ட முடியாது. அதனால் சின்னக் குறையைத்தான் சாவி வாங்கும் முன்பே எழுதியாக வேண்டும்.

விசைத்தறி ஓட்டிச் சேர்த்த காசில் சொந்த இடத்தில் வீடு கட்டுகிறேன். மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கில் விட்டிருக்கிறேன். ஆடியில் வெளிப்பூச்சு முடிந்தது. இப்போது சுவரெல்லாம் மயிர்க்கோடு மாதிரி விரிசல். பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகர், பல்லடம்

வலைபோலப் பரவிய மெல்லிய கோடு என்றால் சுவருக்கு ஆபத்தில்லை. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் பூசிய சுவர் மத்தியானத்துக்குள் காய்ந்து வெளுத்துவிடும். அந்த மாதங்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஏழு நாளாவது சுவர் காயாமல் தண்ணீர் காட்ட வேண்டும். அது நடந்ததா என்று விசாரியுங்கள்.

கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாகப் பிளந்திருந்தால், அங்கே கம்பிவலை அடிக்காமல் பூசியிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்து வலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற விரிசலும், செங்கல் வரிசையில் படிபடியாக இறங்குகிற விரிசலும் வேறு சங்கதி. உங்கள் பக்கம் கரிசல் மண்ணும் உண்டு. மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண் அது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் கோட்டைத் தாண்டி நீண்டால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அதுவரை பெயிண்டும் வேண்டாம், மேஸ்திரிக்குக் கடைசித் தவணையும் வேண்டாம். மேலே சொன்ன 2016 சட்டம் உங்களைப் போல் சொந்த மனையில் ஆள்வைத்துக் கட்டுகிறவருக்கு உதவாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்கும் எழுதிய ஒப்பந்தமும் பணம் கொடுத்த ரசீதும் வேண்டும்.

புதுச் சுவரில் தரையை ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. கழுவினால் போகுமா?
– ஒரு வாசகர், காங்கேயம்

கழுவாதீர்கள். செங்கல்லிலும் மணலிலும் போர் தண்ணீரிலும் இருக்கிற உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்ததுதான் அது. தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பூத்தால் மறுபடி தேய்த்து எடுங்கள். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் பூத்தால், சுவருக்குப் பின்னால் குழாய் எதுவும் போகிறதா என்று பாருங்கள்.