ரயிலில் லித்தியம் பேட்டரி: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: பேட்டரியை மட்டும் நம்பிப் பயணிகள் ரயில் ஓடுமா? சோதனை ஓட்டத்தைச் சொல்லவில்லை, தினசரிச் சேவையைக் கேட்கிறேன்.

பதில்: ஓடுகிறது. ஜப்பானின் கராசுயாமா பாதையில் 2014 மார்ச் முதல் இரண்டு பெட்டிகள் கொண்ட ஈவி-ஈ301 ரயில் ஓடுகிறது. ஹோஷாகுஜி வரை மேலே மின்கம்பி உண்டு. அதற்கப்பால் கராசுயாமா வரை 20.4 கிலோமீட்டருக்குக் கம்பியே கிடையாது. அங்கே பேண்டோகிராஃபை (கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைக் கையை) மடக்கிக்கொண்டு, அடித்தளத்தில் உள்ள 190 கிலோவாட் மணி பேட்டரியில் போகிறது.

கேள்வி: கராசுயாமா நிலையத்தில் சார்ஜ் ஏற்ற, கம்பிக்குப் பதில் தடித்த உலோகத் தண்டு இருக்கிறதே?

பதில்: ரயில் ஓடும்போது தொடும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் மொத்த மின்னோட்டமும் ஒரே புள்ளியில் பாயும். மெல்லிய கம்பி சூடேறி அறுந்துவிடும்.

கேள்வி: நான் பணிமனைக்காரன். மொத்த வோல்டேஜைப் பார்த்தே ஈய அமில பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடுவேன். பி.எம்.எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) எதற்கு?

பதில்: அந்தக் கைப்பழக்கம் இங்கே காலை வாரிவிடும். பெட்டி விளக்குகளுக்கான 110 வோல்ட்டுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் சுமார் 34 தொடராக வேண்டும். அவற்றில் ஒன்று 3.2 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்குச் சரிந்தால், உங்கள் மீட்டரில் ஒரு வோல்ட் சொச்சம்தான் குறையும். ஆனால் தொடர் இணைப்பில் எல்லாச் செல்களிலும் ஒரே மின்னோட்டம். மற்றவை தாங்கும், நலிந்தது நாசமாகும். ஆகவே ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனியே அளக்க வேண்டும், வெப்பநிலையையும் பல இடங்களில் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: இந்தச் செல்லில் 80 சதவீத இருப்புக்கும் 30 சதவீத இருப்புக்கும் இடையே வோல்டேஜ் பெரிதாக மாறுவதில்லை. அதனால் பி.எம்.எஸ் உள்ளே வந்த ஆம்பியரையும் வெளியே போன ஆம்பியரையும் மளிகைக் கடைக்காரர் போல வரவு செலவாக எழுதிவருகிறது. சிறு பிழைகள் சேரும். அவ்வப்போது முழுதாக ஏற்றினால்தான் கணக்கு நேராகும். பல பணிமனைகள் தவறவிடுவது இதைத்தான் என்பேன்.

கேள்வி: கோளாறு தெரிந்தவுடன் பேட்டரியைத் துண்டித்துவிடலாமே?

பதில்: சுரங்கப்பாதைக்குள் நின்ற ரயிலில் அவசர விளக்கும் அணைந்துவிட்டால்? முதலில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை, பிறகு மின்னோட்டத்தைக் குறைப்பது, கடைசியில்தான் கான்டாக்டரை (பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்சை) திறந்து துண்டிப்பது. வெப்பநிலை விறுவிறுவென ஏறினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அப்போதும் துண்டித்ததால் தீ நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். வெப்பம் செல்லுக்குள்ளேயே பிறக்கிறது. அது பக்கத்துச் செல்லுக்குத் தாவாமல் தடுப்பதும், வெளிவரும் வாயுவைப் பயணிகள் பக்கம் விடாமல் திருப்புவதும் பேட்டரிப் பெட்டியை வடிவமைப்பவர் பொறுப்பு.

கேள்வி: மேலே மின்சாரம் இருக்கும்போது ஜப்பானின் அதிவேக ரயிலான ஷிங்கான்செனுக்கு எதற்கு லித்தியம்?

பதில்: மின்சாரம் போய்விட்டால்! 2020 ஜூலையில் ஓடத் தொடங்கிய என்700எஸ் வகை ஷிங்கான்சென், நடுவழியில் மின்தடை வந்தால் பேட்டரியில் மெதுவாக நகர்ந்து பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும். அதில் இருப்பது லித்தியம் டைட்டனேட். எடைக்குத் தரும் ஆற்றல் குறைவு, ஆனால் வேகமாக ஏற்றலாம், ஆயுளும் நீளம். கிராஃபைட் எதிர்முனை கொண்ட வழக்கமான லித்தியம் செல்களை உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெடுத்துவிடும். டைட்டனேட்டுக்கு அந்தத் தொல்லை மிகவும் குறைவு.