அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனநோய் என்றால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? கேள்வி பதில்

மனநலம் பாதித்த அப்பாவோ அம்மாவோ இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். மாத்திரை, டோஸ் விஷயங்களை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மனைவிக்கு பைபோலார். போன வாரம் அட்மிட் செய்தோம். எட்டு வயது மகளிடம் "அம்மா பாட்டி ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறோம். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு மெதுவாகச் சொல்லலாமா?

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாதி விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் பீரோவைக் காலி செய்து அடுக்கியதையும், சத்தம் போட்டதையும், நாலு பேர் சேர்ந்து காரில் ஏற்றியதையும் அவள் பார்த்திருப்பாள். பாட்டி ஊருக்கு யாரும் அப்படிப் போவதில்லை.

பெரியவர்கள் சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகள் தாங்களாகவே இட்டுக்கட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பிஸ்கட் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்: "நான் ஹோம்வொர்க் எழுதலைன்னு திட்டினாங்க, அதுக்கப்புறம்தான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு."

எப்படிச் சொல்வது? எட்டு வயதுக்கு இவ்வளவு போதும்: "அம்மாவுக்கு பைபோலார்னு ஒரு வியாதி. மூளைக்கு வர்றது. அது அதிகமாகும்போது தூக்கம் வராது, ரொம்பப் பேசுவாங்க, காரணமே இல்லாம கோபம் வரும். இப்ப ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிறாங்க. நீ செஞ்ச எதனாலயும் இது வரல. அம்மா வர்ற வரைக்கும் காலையில ஸ்கூலுக்கு நான் கூட்டிட்டுப் போவேன், சாயங்காலம் அத்தை இருப்பாங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நமக்கு அது சின்ன விஷயம், அவளுக்கு அதுதான் பெரிய கவலை. "திங்கட்கிழமை வந்துடுவாங்க" என்று மட்டும் நாள் குறித்துச் சொல்ல வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். மனைவி பேசும் நிலையில் இருந்தால், மகளிடம் சொல்லப்போவதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வார்த்தை அவரே போனில் பேசட்டும். எப்போது பேசலாம், எப்போது மகளைக் கூட்டி வரலாம் என்பதை வார்டு சிஸ்டரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார். அடுத்தது, "வெளியில மூச்சு விடாதே" என்று வாயைக் கட்டாதீர்கள். தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டாம் என்பது நியாயம்தான், நம் ஊர் வாய் அப்படி. ஆனால் யாரிடம் பேசலாம் என்று இரண்டு பேரையாவது பெயர் சொல்லிக் காட்டிவிடுங்கள்: கிளாஸ் மிஸ், அத்தை.

கேள்வி: அப்பாவுக்கு மனச்சிதைவு நோய். நான் காலேஜ் இரண்டாம் வருடம். எனக்கும் வருமா?

பொதுவாக இந்த நோய் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது 100-ல் சுமார் 10. அதாவது உங்களைப் போன்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. பயமாக இருப்பது இயல்புதான். ஒரு நாள் மனசு சரியில்லை என்றால்கூட "ஆரம்பிச்சுடுச்சோ" என்று தோன்றும்.

உங்கள் கையில் இருப்பது கொஞ்சம் உண்டு. கஞ்சாவைத் தொடாதீர்கள். இதை ஒழுக்க போதனையாகச் சொல்லவில்லை. குடும்பத்தில் இந்த நோய் இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே ஆபத்து. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற எண்ணம் விலகாமல் நிற்பது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது என்று ஏதாவது தொடர்ந்தால் உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் அடங்கும்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வாரத்துக்கு ஒரு நாளாவது வருவதில்லை. விசாரித்தால், அம்மாவுக்கு மனநோய், அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். மாத்திரை கொடுப்பது, சோறு வடிப்பது எல்லாம் அவன்தான். நான் என்ன செய்ய முடியும், டீச்சர்தானே?

நிறைய முடியும் டீச்சர். உங்களைத் தவிர வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அம்மாவின் ஓபி சீட்டில் அவர் பெயர், வயது, நோய், மாத்திரை எல்லாம் இருக்கும். வீட்டில் 13 வயதுப் பையன் ஒருவன் இருப்பது அதில் எங்கும் இருக்காது.

முதலில், வகுப்பில் வைத்து எதுவும் கேட்காதீர்கள். "பாவம்டா" என்றும் சொல்லாதீர்கள். அவன் அவ்வளவையும் செய்வது பெருமைக்குரியது என்பதையும், அதை ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டியதில்லை என்பதையும் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். சோறு வடிப்பதை அவன் விட மாட்டான், அது பரவாயில்லை. மாத்திரைப் பொறுப்பு மட்டும் அவன் கையில் இருக்கக் கூடாது. ஒரு வேளை தவறி அம்மாவுக்கு மறுபடி நோய் முற்றினால், அது தன்னால்தான் என்று வாழ்நாள் முழுக்க நினைப்பான். சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, கிராம சுகாதார செவிலியரோ பெரியவர் ஒருவரிடம் அது போக வேண்டும். மாதாமாதம் மருந்து வாங்க மாவட்டத் தலைநகர் வரை பஸ் ஏறுகிறார்களா என்றும் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் வட்டார மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட நாட்களில் மனநல ஓபி நடக்கிறது. அந்த நாளைக் கேட்டுச் சொன்னாலே ஒரு நாள் லீவு மிச்சம்.

பணத்துக்கு ஒரு வழி: கலெக்டர் ஆபீஸ் மூலமாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பெற்றோரால் பிள்ளையைப் பராமரிக்க முடியாத குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வருமான வரம்பு இருக்கிறது, காத்திருக்கவும் வேண்டிவரும், ஆனாலும் மனு கொடுத்து வையுங்கள். பிள்ளையை ஹாஸ்டலில் சேர்ப்பதுதான் ஒரே வழி என்று யாராவது ஆரம்பித்தால் அவசரப்படாதீர்கள். வீட்டிலேயே வைத்து உதவுவதற்கென்றே இருக்கும் பணம் இது.

கேள்வி: தங்கைக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள். நாலு நாளாகத் தூங்கவில்லை. "இது என் குழந்தை இல்ல, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க" என்கிறாள். அம்மா "பிரசவ சன்னி, பத்தியம் சரியா இருந்தா சரியாகிடும்" என்கிறார்.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். பத்தியத்துக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் கடுமையான மனநோய். பைபோலார் இருக்கும் பெண்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து வரலாம். இருவரையும் தனியாக விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு 108-லேயே போகலாம். உங்கள் அம்மா சொல்வதில் ஒன்று சரி: இது சரியாகிவிடும். வைத்தியம் செய்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே மீண்டு வருகிறார்கள்.

அட்மிட் செய்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் தாய் மேற்பார்வையில் குழந்தையைப் பார்க்க விட வேண்டும், 15 நாளுக்கு ஒரு முறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நம் ஊரில் பல இடங்களில் அந்த வசதி இல்லை, அதனால் பாட்டியோ பெரியம்மாவோ கூடவே தங்குவதாகச் சொல்லிக் கேளுங்கள். பால் கொடுக்கிறாள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருந்து அதற்கேற்ப மாறும்.

கேள்வி: எனக்கு மூன்று வருடமாக டிப்ரஷனுக்கு மாத்திரை. கணவர் வீட்டில் நாலு வயது மகனை வைத்துக்கொண்டு "பைத்தியத்துக்கிட்ட பிள்ளையைக் குடுக்க முடியாது" என்கிறார்கள். சட்டப்படி அவர்கள் பக்கம்தானே?

இல்லை அம்மா. மாத்திரைச் சீட்டைக் காட்டினால் கேஸ் ஜெயித்துவிடும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். மேலே சொன்ன அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இது இருக்கிறது. நீங்கள் இந்துவாக இருந்தால், ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் என்று 1956-ம் வருடச் சட்டமும் சொல்கிறது. கோர்ட் கடைசியில் பார்ப்பது பிள்ளையின் நலனை. அதற்கு, தவறாமல் சிகிச்சைக்கு வருகிறீர்கள் என்ற உங்கள் ஓபி சீட்டுகளே நல்ல சாட்சி. ஒளித்து வைக்காமல் ஃபைல் போட்டு வையுங்கள்.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். மகன் அங்கே இருக்கும் வரை தினமும் ஒரே நேரத்தில் போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றாலும் போடுங்கள்.

கேள்வி: கணவர் மாத்திரை போட மறுக்கிறார். சாம்பாரில் கலந்து கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கும் தெரியும், "அப்பாகிட்ட சொல்லக் கூடாது" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தப்பா?

ஏன் செய்கிறீர்கள் என்று புரிகிறது. இப்படிச் செய்யும் வீடுகள் நிறைய. ஆனால் ஒரு நாள் தட்டில் வெள்ளையாக எதையாவது பார்த்துவிடுவார். சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படும் மனிதருக்கு அது போதும். அப்புறம் வீட்டில் சாப்பிடவே மாட்டார். பிள்ளைகளையும் உடந்தை ஆக்கியிருக்கிறீர்கள், அவர் அவர்களையும் நம்ப மாட்டார். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று டாக்டரே உங்கள் கணவரிடம் கேட்பார். பல பேருக்குக் காரணம் கை நடுக்கமோ, பகல் தூக்கமோ, தாம்பத்தியச் சிக்கலோதான், மருந்தை மாற்றினால் ஒத்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. அவர் சம்மதத்தோடு அதற்கு மாறினால் தினசரிச் சண்டை மிச்சம்.

கேள்வி: கணவருக்கு மனநோய். குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கலாம் என்கிறார் மாமனார்.

போகட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும். சங்கிலி போடும் இடமாக இருந்தால் மட்டும் எந்த ஊராக இருந்தாலும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலி போடுவது இப்போது சட்டப்படி குற்றம்.

கேள்வி: குடும்பம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் முறை வெளிநாட்டில் இருக்கிறதாமே. இங்கே டாக்டர் மூன்று நிமிடம்தான் பேசுகிறார்.

இருக்கிறது. நார்வேயில் 2010 முதல், நோயாளிக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என்ன தேவை என்று பார்ப்பது மருத்துவ ஊழியர்களின் சட்டக் கடமை. பின்லாந்தில் டாக்டர் டூட்டி சொலாண்டாஸ் கொண்டுவந்த முறையில், சிகிச்சை தருபவர் பெற்றோரோடு உட்கார்ந்து பிள்ளையைப் பற்றியே பேசுவார்: எதில் கெட்டிக்காரன், எதில் திணறுகிறான், யார் துணை.

ஆனால் குடும்பத்தை உள்ளே விடுவதில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் இன்றும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குகிறார். வந்த குடும்பத்தை நாம் அட்டெண்டராக மட்டும் பார்த்தோம், டீ வாங்கவும் மாத்திரை வாங்கவும். வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் துறைமேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

மூன்று நிமிடத்தில் நீங்கள் செய்யக்கூடியது: மருந்து பற்றிப் பேசி முடித்ததும், "வீட்ல ஆறு வயசுல ஒரு பொண்ணு இருக்கா சார், அவகிட்ட யார் பேசுறது?" என்று கேளுங்கள். சமூகப் பணியாளரிடமோ சைக்காலஜிஸ்டிடமோ அனுப்புவார்.

கேள்வி: எனக்குத்தான் நோய். வருடத்தில் ஓரிரு மாதம் படுக்கையை விட்டு எழ முடியாது. என் பிள்ளைகளுக்கு நல்ல அப்பாவாக இருக்க வழி உண்டா?

மீதிப் பத்து மாதம் இருக்கிறதே சார். நன்றாக இருக்கும் ஒரு நாளில் மனைவி, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு தாள் எழுதுங்கள். எனக்கு முடியாமல் போவதன் முதல் அடையாளம் என்ன (பிள்ளைகள்தான் சரியாகச் சொல்வார்கள்: "அப்பா ஷேவ் பண்ண மாட்டீங்க"), அப்போது யார் யாருக்குப் போன் போடுவது, யார் ஸ்கூல் வேன் பார்ப்பது, எந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது. சிகிச்சை பற்றிய பகுதியைச் சட்டப்படி முன்கூட்டிய அறிவுறுத்தலாகவும் பதிவு செய்யலாம். உங்களுக்காகப் பேச ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

படுக்கையில் கிடக்கும் மாதத்திலும் ஒரு வேலையை விடாதீர்கள். மார்க் ஷீட்டில் கையெழுத்து, ராத்திரி ஐந்து நிமிடம் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது, எது முடிகிறதோ அது. வீட்டார் அன்பினால்தான் எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்து பிடுங்குவார்கள். அந்த ஒன்றை மட்டும் தராதீர்கள்.

நடுராத்திரியில் மனசு தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். அந்த எண்ணையும், பிள்ளைகள் தாங்களே கூப்பிடக்கூடிய குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.