ஆப்பிரிக்காவில் நாமே வண்டி ஓட்டி சஃபாரி போவது சரிப்பட்டு வருமா?

வழிகாட்டி இல்லாமல், வாடகை வண்டி எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போனால் சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மனைவியும் மச்சானும் நமீபியாவில் பதினோரு நாள் அப்படிச் சுற்றினோம். சரிப்பட்டு வரும். ஆனால் சிங்கத்துக்குப் பயப்படுவதைவிட சரளைக் கல்லுக்குப் பயப்படுங்கள்.

தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் பெரிய நாடு, ஜனத்தொகை சுமார் 30 லட்சம்தான். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து எட்டோஷா தேசியப் பூங்கா வரை அருமையான தார் ரோடு. பாலைவனப் பக்கம் திரும்பினால்தான் கதையே வேறு.

சொலிட்டேர் என்று ஓர் ஊர். ஊர் என்றால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பேக்கரி, துருப்பிடித்த பழைய கார்கள் சில. அங்கே பேர்போன 'ஆப்பிள் பை' என்ற பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, கடலோர ஊரான வால்விஸ் பே பக்கம் கிளம்பினோம். சரளைச் சாலை, வரிவரியாக மேடு பள்ளம். ஒரு மணி நேரத்தில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ஸ்டெப்னி இரண்டு இருந்தன. ஆனால் ஜாக்கியை வைத்து ஏற்ற ஏற்ற வண்டி மேலே போகவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் போனது. தட்டையான கல் தேடி மச்சான் அரை கிலோமீட்டர் நடந்தான். நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பக்கம் வந்த ஒரு பண்ணைக்காரர், ஒன்றும் கேட்காமல் தன் வண்டியிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்து ஜாக்கிக்கு அடியில் வைத்தார். டயரைத் தொட்டுப் பார்த்து, காற்று இவ்வளவு அடித்திருக்கக் கூடாது என்று தலையாட்டினார். சரளையில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்ட வேண்டும் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது டயர் காப்பீட்டில் வராது என்று சொல்லிப் பணம் பிடித்தார்கள். சிறிய எழுத்தில் இருந்ததை நான்தான் படிக்கவில்லை.

எட்டோஷாவில் வேறு மாதிரி. அங்கே நம் பொழுது நம்முடையது. நீர்க்குட்டை ஓரம் என்ஜினை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மே முதல் அக்டோபர் வரை மழை கிடையாது, மிருகங்கள் தாமாகவே தண்ணீருக்கு வந்துதான் ஆக வேண்டும். இதற்காகவே நான் மறுபடி போவேன்.

நஷ்டமும் அதே இடத்தில்தான். வரிக்குதிரைக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வண்டியிலிருந்த வழிகாட்டி சைகை காட்டிய பிறகுதான் தெரிந்தது, இருபதடி தள்ளி புதர் நிழலில் ஒரு பெண் சிங்கம் இவ்வளவு நேரமும் படுத்திருந்திருக்கிறது. அந்தக் கண் நமக்கு வராது. அதிலும் ஓட்டுகிறவன் பாடு மோசம். பின் சீட்டில் "அதோ, அதோ" என்பார்கள், எனக்கு ரோடுதான் தெரியும். கழிப்பறை இன்னொரு தொல்லை. பூங்காவுக்குள் நாம் தங்கும் முகாமிலும் வேலி போட்ட சில இடங்களிலும் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. என் மனைவி மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

அப்புறம், முகாம் வாசலை சூரியன் மறையும்போது பூட்டிவிடுவார்கள். ஒருநாள் அதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஓர் ஆண் யானை நடுரோட்டில் நின்றுகொண்டது. அங்கத்து யானைகள் சுண்ணாம்பு மண்ணைப் பூசிக்கொண்டு வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கும். ஹார்ன் அடிக்கவா முடியும்? மெல்ல ரிவர்ஸ் எடுத்துக் காத்திருந்தோம். அது காதை ஆட்டிக்கொண்டே ஒரு புதரை முழுக்கத் தின்று முடித்துவிட்டு நகர்ந்தது. வேக வரம்பு 60. நான் அதற்குள்தான் ஓட்டினேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஹலாலி முகாமில் உள்ள நீர்க்குட்டைக்கு மோரிங்கா என்று பெயர். நம் முருங்கையிலிருந்து போன சொல்தான், அந்த ஊர் மரமும் முருங்கைக்குச் சொந்தம், ஆனால் அடிமரம் பானை மாதிரி பருத்திருக்கும். காய் கிடைத்தால் சாம்பாருக்கு ஆகுமா என்று மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இரவு ஒக்காகுவேஜோ முகாமில் தங்கினோம். அங்கே குட்டையைச் சுற்றி விளக்கு போட்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் சுவர், பெஞ்சுகள். பத்தரை மணிக்கு ஒரு கறுப்புக் காண்டாமிருகம் குட்டியோடு இறங்கி வந்தது. தண்ணீர் உறிஞ்சும் சத்தம் எங்கள் பெஞ்சு வரை கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் நான் முழுசாகப் பார்த்த மிருகம் அதுதான்.