ரிவெர்ப் யூனிட் வாங்கும் முன் ஒருமுறை கைதட்டிக் கேளுங்கள்

கேள்வி: பத்துப் பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு நடத்துகிறோம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று கச்சேரிகள் வருகின்றன. மிக்சரிலேயே உள்ள எஃபெக்டைப் போட்டால் பாடகியின் குரல் தகரக் கொட்டகைக்குள் பாடுவதுபோல் கேட்கிறது. ராக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டத்தில்) மாட்டும் ரிவெர்ப் யூனிட், அதாவது குரலுக்கு எதிரொலி சேர்க்கும் பெட்டி, ஒன்றைக் குறைந்த செலவில் வாங்க வேண்டும். ப்ரீசெட் (முன்பே அமைத்து வைத்த எஃபெக்ட்) நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்கலாமா?

பதில்: ப்ரீசெட் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். குரலுக்கு ஒரு பிளேட் (உலோகத் தகடு அதிர்வதுபோன்ற ரிவெர்ப்), மெதுவான பாட்டுக்கு ஒரு ஹால் (பெரிய அரங்கின் எதிரொலி), டிரம்ஸுக்கு ஒரு சின்ன ரூம் (அறையின் எதிரொலி), அப்புறம் ஒரு டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பச் சொல்வது). மேடையில் கை போவது இந்த நான்குக்குத்தான். இவை நன்றாக இருந்தால் போதும்.

அந்தத் தகரச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. டிஜிட்டல் ரிவெர்ப் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எதிரொலிகளின் சேர்க்கை. அவை நெருக்கமாக விழுந்தால் காதுக்கு ஒரே இழையாகக் கேட்கும். இடைவெளி விட்டு விழுந்தால் ‘கிணுகிணு’வென்று உலோக வாடை அடிக்கும். இயல்பாகக் கேட்க நொடிக்குச் சுமார் 1000 எதிரொலிகள் வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1962இலேயே எழுதினார். மலிவான சிப்பில் முதலில் அடிபடுவது இதுதான்.

சோதிப்பது எளிது. ஹால் ப்ரீசெட்டைப் போட்டு, டிகேயை (எதிரொலி தேய்ந்து மறைய எடுக்கும் நேரத்தை) 3 நொடிக்கு ஏற்றி, மைக் முன்னால் ஒரே ஒரு தடவை கைதட்டுங்கள். ஹெட்போனில் அந்த ஒலி தேயும் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். புகைபோல் கலைந்தால் நல்லது. மணியடித்ததுபோல் ஒரு சுருதி தொங்கினால் வேண்டாம். குரலை வைத்துச் சோதித்தால் இந்தக் குறை மறைந்துகொள்ளும். கைதட்டலில் மறையாது.

செலவு குறைய வேண்டும் என்றால் பழையதுதான் வழி. லெக்ஸிகான் எம்பிஎக்ஸ் 110, எம்எக்ஸ் 200, டிசி எலக்ட்ரானிக் (TC Electronic) எம்350 ஆகிய மூன்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் எடுக்கலாம். மூன்றுமே ராக்கில் ஒரே தட்டு உயரம். மூன்றிலும் ஒரே சமயத்தில் ரிவெர்ப் ஒன்று, டிலே ஒன்று என இரண்டு எஃபெக்ட் ஓடும். என் காதுக்குப் பெண் குரலில் லெக்ஸிகானின் பிளேட் இன்னும் இனிமை. யமஹா எஸ்பிஎக்ஸ்90 பழைய ரசிகர்கள் தேடும் பெட்டி. நானும் அதன் ரசிகன்தான். ஆனால் அது 1980களின் நடுவில் வந்தது. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்தால் நீங்கள் சேமித்தவை போய்விடும். முதல் யூனிட்டாக அது வேண்டாம்.

பழையதில் கட்டாயம் பார்க்க வேண்டியது மின்சாரம். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்கும் செய்ததாக இருக்கலாம். நம் 230இல் நேராகச் செருகினால் போச்சு. பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அடுத்தது அடாப்டர். மேலே சொன்ன இரண்டு லெக்ஸிகானுக்கும் 9 வோல்ட் ஏசி அடாப்டர் வேண்டும், டிசி அல்ல. ஒருமுறை கச்சேரிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அடாப்டர் காணாமல் போய், கையில் கிடைத்த 9 வோல்ட் டிசியைச் செருகினேன். பெட்டி உயிர் பெறவே இல்லை. அன்று முழுக்க எஃபெக்ட் இல்லாமலே பாடினார்கள். அடாப்டர் இல்லாமல் விற்கும் யூனிட்டைப் பேரம் பேசும்போது இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சரி, வாங்குவதற்கு முன் உங்கள் மிக்சரைப் பாருங்கள். ஃபேடருக்கு (சேனலின் ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழுக்கு) பிறகு எடுக்கும் ஆக்ஸ் (ஒலியின் ஒரு பங்கைத் தனியே வெளியே அனுப்பும் வழி) ஒன்று காலியாக இருக்கிறதா? எல்லா ஆக்ஸும் மானிட்டருக்கே (மேடையில் இருப்பவர்கள் கேட்கும் ஸ்பீக்கருக்கே) போய்விட்டால் யூனிட்டை இணைக்க வழியில்லை. இருந்தால் அதிலிருந்து யூனிட்டுக்குக் கொடுங்கள். யூனிட்டில் மிக்ஸை முழுக்க எஃபெக்ட் பக்கம் திருப்பிவிடுங்கள். திரும்பி வரும் ஒலியை ஒரு ஸ்டீரியோ சேனலில் வாங்கினால் அங்கே லோவை (கனத்த அடி ஒலியை) குறைக்க முடியும். குரல் தெளிய அதுவே பாதி வேலை செய்யும். அந்தச் சேனலில் அதே ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும். மறந்து ஏற்றினால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.

கல்யாண மண்டபச் சுவர்களே போதுமான எதிரொலி தரும். அங்கே டிகே 1.2 நொடி, ப்ரீடிலே (குரலுக்கும் எதிரொலி தொடங்குவதற்கும் இடையிலான நேரம்) 30 மில்லிநொடி போதும். திருவிழா மைதானத்தில் 2 நொடிக்கு மேல் போகலாம். டிலேயைத் தாளத்தோடு சேர்க்க 60,000ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்ணால்) வகுங்கள். 120 டெம்போ என்றால் 500 மில்லிநொடி.

இந்த அளவுகளை முதலில் உங்கள் மிக்சரின் எஃபெக்டிலேயே வைத்து, அதே கைதட்டல் சோதனையைச் செய்யுங்கள். டிகேயைக் குறைத்த பிறகும் மணி தொங்கினால் யூனிட் தேடிப் போகலாம்.