இம்பாலாவுக்குள் கம்மின்ஸ் புகுமா?

கேள்வி: என்னிடம் 1966 செவ்ரலே இம்பாலா இருக்கிறது. பழைய வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல் எஞ்சின் புகை தள்ளுகிறது, கேலனுக்கு 12 மைல்தான் தருகிறது. அடிபட்ட டாட்ஜ் ராம் பிக்கப் வண்டி ஒன்றிலிருந்து 12 வால்வு கம்மின்ஸ் டீசல் எஞ்சின் வருகிறது. அதை மாட்டினால் காசு மிச்சமாகுமா சார்?
– டல்லாஸ் வாசகர்

பதில்: மிச்சம் என்ற பேச்சை முதலில் விடுங்கள். வருஷத்துக்கு 5,000 மைல் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மைல் 20 ஆனால் 417 கேலன் 250 ஆகக் குறையும். பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.50 என்று போட்டால் கையில் நிற்பது சுமார் 375 டாலர். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் தட்டு, கியர்பாக்ஸ், ரேடியேட்டர் என்று வாங்க ஆரம்பித்தால் அது எந்த மூலைக்கு? ஆசைக்குத்தான் என்றால் சரி, பேசுவோம்.

எஞ்சின் தங்கம். 1989 முதல் 1998 வரை ராமில் வந்த 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் எடை சுமார் 1,100 பவுண்டு, உங்கள் வி8 போல இரண்டு மடங்கு. முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப், வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் இடிக்கும். உயரமும் அதிகம், பானட்டை வெட்ட மனசு வருமா?

பிரேக்கை மறந்துவிடாதீர்கள். நான் முதன்முதலில் டீசல் மாட்டியது ஒரு 1964 ஃபோர்டு கேலக்ஸியில். ஷெட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் பெடலை மிதித்தேன், கல் மாதிரி நின்றது. பவர் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடம் பெட்ரோல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டுக்குப் பின்னால் பிறப்பது. டீசலில் அந்தத் தட்டே இல்லை. இது தெரிந்தும் கோட்டை விட்டேன். ஹேண்ட் பிரேக்தான் காப்பாற்றியது. பல ராம் எஞ்சின்களில் அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்வம் பம்ப் கூடவே வரும். விற்பவர் அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பின் ஆக்சில். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். 28 அங்குல டயர், 3.73 ஆக்சில் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றும்), எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் இல்லை என்றால் உச்ச வேகம் மணிக்கு 56 மைல். ஹைவேயில் லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடிப்பார்கள். 3.08 ஆக்சிலும் 0.69 ஓவர்டிரைவும் இருந்தால் 65 மைலுக்கு 1,650 சுற்று போதும். அதன் இழுவை முழுக்க அங்கேதான்.

எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போதே முன் மூடியைக் கழற்றிவிடுங்கள். டைமிங் கியர் பெட்டியில் சுண்டுவிரல் நுனி அளவில் ஓர் இரும்புப் பின் இருக்கும். வருஷக்கணக்கான அதிர்வில் மெல்ல வெளியே வந்து கியருக்குள் விழும், பெட்டியே உடையும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் ‘கொலைகாரப் பின்’. பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டை வைத்து அதன் வாயை அடைத்துவிட்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை.

புகைச் சோதனை பற்றிக் கவலை வேண்டாம். டெக்சாஸில் அது 24 வயது வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குத்தான்.

கேள்வி: ஓல்ட்ஸ்மொபைல் 5.7 டீசல் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே, அதை மாட்டலாமா?
– ஒஹாயோ வாசகர்

பதில்: வேண்டாம். 1978 முதல் 1985 வரை விற்றது. அழுத்த விகிதம் 22.5, பெட்ரோல் எஞ்சினைவிட மிக அதிகம். ஆனால் சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் போல்ட் எண்ணிக்கை ஓல்ட்ஸ்மொபைல் பெட்ரோல் எஞ்சினில் இருந்த அதே கணக்கு. போல்ட் நீளும், கேஸ்கெட் போகும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். பின்னால் வந்த டிஎக்ஸ் என்ற பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) மட்டும் நல்ல கெட்டி. அதைத் தேடி வாங்குகிறவர்கள் பெட்ரோல் ரேஸ் எஞ்சினாக மாற்றத்தான் வாங்குகிறார்கள்.