120 பிரேமில் எடுத்த காவடி ஏன் தாவித்தாவி ஓடுகிறது?

பினாங்குத் தண்ணீர்மலையில் நொடிக்கு 120 பிரேமில் (படத்தில்) எடுத்த காவடிக் காட்சியை டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் 25 பிரேம் டைம்லைனில் (காட்சிகளை அடுக்கும் வரிசையில்) போட்டு வேகத்தைப் பாதியாக்கினால் தாவித்தாவி ஓடுகிறது, விளக்கும் மினுங்குகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

தாவலுக்குக் காரணம் வெறும் கணக்குதான். பாதி வேகத்தில் நொடிக்கு 60 பிரேம் வருகிறது, அதை 25க்குள் அடக்க மென்பொருள் ஒரு தடவை இரண்டு, ஒரு தடவை மூன்று என்று மாற்றி மாற்றித் தள்ளி எடுக்கிறது, அதனால்தான் காவடி சுற்றும்போது மயிலிறகு விட்டுவிட்டு நகர்கிறது. டைம்லைனில் கிளிப் விழுந்தபின் அந்த டைம்லைனின் பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை) மாற்ற முடியாது. அதனால் புது டைம்லைன் திறந்து, 'யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு 30 வையுங்கள். அதில் 25 சதவீத வேகம் வைத்தால் எல்லாப் பிரேமும் ஒன்றுவிடாமல் வரும், 50 வைத்தால் சரியாக ஒன்றுவிட்டு ஒன்று. எடிட் எல்லாம் முடிந்துவிட்டது, 25லேயே இருந்தாக வேண்டும் என்றால் அந்த கிளிப்பின் கிளிப் அட்ரிபியூட்ஸ் என்ற அமைப்பில் 120ஐ 25 ஆக்குங்கள். இடைப் பிரேம்களை மென்பொருளே ஊகித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ பக்கம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள், இறகும் மணியும் குழைந்துவிடும்.

அப்புறமும் திக்கினால் வியூவருக்கு (காட்சி ஓடும் சன்னலுக்கு) மேலே உள்ள புள்ளியைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கணினிதான் திணறுகிறது, பிராக்ஸி (எடிட்டுக்கான இலகுவான நகல்) போட்டால் சரி.

மினுக்கம் நம் ஊர் மின்சாரத்தால் வருவது. 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், 120 பிரேம் அதோடு ஒத்துப்போகாது. ரிசால்வின் டீஃப்ளிக்கர் ஓரளவு குறைக்கும், ஆனால் அது காசு கட்டும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. அடுத்த தடவை இரவில் வெள்ளி ரதம் எடுக்கும்போது 100 பிரேம், ஷட்டர் 1/100 வையுங்கள், 25 டைம்லைனிலும் அது பிசகாமல் உட்காரும்.